சாம்பிராணி ஆகாத மருமகள்

எனக்குச் சாம்பிராணி ஆகாது. இப்போது இதைச் சொன்னால், சரி என்று தூபக்காலைத் தூக்கி வெளியே வைத்துவிடுகிறார்கள். நான் கல்யாணமாகி வந்த காலத்தில் ஒரு பெண் அப்படிச் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் இருந்தது.

ஓமலூர்ப் பக்கத்திலிருந்து சேந்தமங்கலத்தை ஒட்டிய ஒரு தோட்டத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டேன். ஐம்பதுகளின் நடுவில் இருக்கும். வருசத்தைக் குறித்து வைக்கும் படிப்பு எனக்கில்லை, மாதம் வைகாசி என்பது மட்டும் தெரியும். மாமனார் இல்லை. பண்ணையம் முழுக்க மாமியார் கையில்; அவருக்கு என் வீட்டுக்காரர் ஒரே மகன். மாமியார் என்மேல் பிரியமாகத்தான் இருந்தார். அந்தப் பிரியத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

முதல் வெள்ளிக்கிழமை அவரே எனக்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டார். பிறகு நெருப்புச் சட்டியில் சாம்பிராணித் தூளைத் தூவி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, என் ஈரக்கூந்தலை அதன்மேல் பரப்பினார். எங்கள் வீட்டில் வெயிலில் நின்றுதான் தலை உலர்த்துவோம். புகை முகத்தில் ஏறியதும் இருமல் வந்தது. புதுப்பெண் இருமினால் என்ன நினைப்பார்களோ என்று அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். அடக்க அடக்க, நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போலிருந்தது. மூச்சு விடும்போது விசில் மாதிரிச் சத்தம் வந்தது.

அந்த வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் பொழுது சாய்ந்ததும் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் புகை போடுவார்கள். மூலை முடுக்கெல்லாம் ஏற வேண்டுமாம். நான் களத்துக்கு ஓடுவேன். வெட்டவெளியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் மூச்சு தானாக அடங்கும். அடுப்புப் புகையில் நாளெல்லாம் நிற்கிறேன், அது ஒன்றும் செய்வதில்லை என்று மாமியாரிடம் சொன்னேன். அப்படிச் சொன்னது எனக்கே எதிராகத் திரும்பியது.

பக்கத்துத் தோட்டத்தில் மாமியாரின் தங்கை இருந்தார். என் காது கேட்கவே அவர் கேட்டார்: "வெறகுப் பொகைக்கு இருமாதவ சாமிப் பொகைக்கு மட்டும் ஏனக்கா ஓடறா? ஓடறது இவளா, இவளுக்குள்ள இருக்கறதா?"

மறுநாள் செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஆனாலும் நெருப்புச் சட்டி வந்தது. அதற்குப் பிறகு தினமும் வந்தது, தூளும் கூடிக்கொண்டே போனது. நான் எழுந்து ஓடக்கூடாது என்று சின்ன மாமியார் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். போதும் என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை வாய் திறந்தார். நீ சும்மா இரு சாமி, உனக்காகத்தான் பண்ணுகிறேன் என்று அம்மா சொன்னதும் எழுந்து வெளியே போய்விட்டார். சுவரில் முதுகைச் சாய்த்து வாயைத் திறந்து வைத்தும் எனக்குக் காற்று உள்ளே போகவில்லை. உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்து, கோபம் வருகிறது பார், உள்ளே இருப்பதற்கு என்றார் சின்ன மாமியார்.

அமாவாசைக்குப் பேயோட்டும் கோடாங்கியை வரச் சொல்லிவிட்டார்கள். உடுக்கை அடித்து, நீ யார் என்று கேட்பார்கள். செத்துப்போன எவளோ ஒருத்தியின் பேரை நான் சொல்லியாக வேண்டும். உச்சிமுடியை ஒரு கொத்து அறுத்துப் புளியமரத்தில் ஆணியடித்துவிடுவார்கள். அதோடு முடிந்துவிடாது. அடுத்து ஆடி. புதுப்பெண் ஆடிக்குத் தாய்வீடு போவாள். ஆடி கழிந்ததும் கூப்பிட்டு வருவார்கள். பேய் பிடித்தவளைக் கூப்பிட யாரும் வரமாட்டார்கள். வீட்டில் எனக்கு இளையவள் ஒருத்தி இருந்தாள். அவளைப் பெண் கேட்டும் ஒருவரும் வரமாட்டார்கள்.

எனக்கு எழுத்து வராதே தவிர, யாருக்கும் தலை குனிந்து பழக்கமில்லை. மாமியாரிடம் நேராகப் போனேன்.

"கோடாங்கி வரட்டுங்க அத்தை. அதுக்கு முன்னால என்னை மாரியாத்தா கோயலுக்குக் கூட்டிட்டுப் போங்க. பேய் இருந்தா ஆத்தா முன்னால நிக்காது. நான் நிக்கறனுங்க."

போனோம். சின்ன மாமியாரும் கூட வந்தார். ஊருக்கு மேற்கே கிழக்குப் பார்த்த சின்னக் கோயில். பூசாரி திருநீறு பூசினார், அசையாமல் நின்றேன். தீர்த்தம் கொடுத்தார், குடித்தேன். கற்பூரம் காட்டினார், தொட்டு ஒற்றிக்கொண்டேன். மாமியார் சாமியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பூசாரி தூபக்காலில் ஒரு கை சாம்பிராணி போட்டு எங்களுக்கு முன்னால் வைத்தார். இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஆனி மாதத்து மேல்காற்று புகையை அப்படியே எங்கள் பக்கம் தள்ளியது. நெஞ்சு முறுக்கத் தொடங்கியது. சின்ன மாமியார் மாமியாரின் கையைக் கிள்ளுவது தெரிந்தது. பின்னால் திறந்த வெளி, நாலு எட்டு வைத்தால் மூச்சு வந்துவிடும். வைத்தால் நான் பேய். நின்றால் விழுந்துவிடுவேன். காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன், சாமி இருக்கும் பக்கமிருந்து வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு புகைக்குள்ளேயே நடந்து, தூபக்காலைத் தாண்டி, ஆத்தாளின் நிலைப்படியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். அங்கே புகை இல்லை. விசில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது.

மாமியார்தான் முதலில் பேசினார்.

"பேயின்னா வெளியில ஓடோணும். இவ ஆத்தாகிட்டயல்லோ ஓடறா."

"அப்பறம் எதுக்குக்கா இருமறா?"

"பொகை ஆகலைன்னா இருமாம பாட்டா பாடுவாங்க?"

அமாவாசைக்கு வந்த கோடாங்கிக்குச் சாப்பாடு போட்டு, வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உடுக்கை உறையை விட்டு வெளியே வரவில்லை.

பல வருசம் கழித்து நாமக்கல்லில் ஒரு டாக்டரம்மா, இது ஆஸ்துமா என்கிற இளைப்பு, வீட்டில் வைத்திருக்கும் சாமான்களே சிலருக்கு ஆகாமல் போகும் என்றார். சேலைப் பெட்டியில் போடும் அந்துருண்டை, தரை கழுவும் பினாயில், முகத்துக்குப் பூசும் பவுடர் எல்லாவற்றையும் கவனிக்கச் சொன்னார். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இருமல் வருவது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

கல்யாணமான அந்த வருச ஆடிக்கு என்னைத் தாய்வீட்டில் விட்டார்கள். கூப்பிட வருவார்களா என்று அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆடி கழிந்ததும் மகனை அனுப்பாமல் மாமியாரே பஸ் ஏறி வந்தார். சேந்தமங்கலத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் வீட்டு வாசலுக்குப் போனோம். வெள்ளிக்கிழமை. பண்ணையத்துப் பெண் வழக்கம்போலப் புகை போட்டிருந்தாள். வண்டியிலிருந்து காலைக் கீழே வைக்கப் போன என்னைத் தடுத்து, எறங்காத சாமி, இரு என்றார் மாமியார். அவர் மட்டும் உள்ளே போய்க் கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு, நெருப்புச் சட்டியைக் கொண்டுபோய்க் மாடு கட்டும் கட்டுத்தரைக்கு அந்தப்பக்கம் வைத்துவிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.