கெட்டதுக்கும் அதே ஸ்கிரீன்

என் வீட்டுக்காரர் முத்துராஜுக்கு ஒரு வேலையை இரண்டு தடவை செய்வதென்றால் வேப்பங்காய். காலையில் மோட்டார் போடப் போகிறவர் அதே நடையில் பால் பாக்கெட்டை எடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, செருப்பையும் துடைத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்தால் திங்கட்கிழமை தோசைக்கும் சேர்த்து வை என்பார். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வேலையை ஒரே தடவையோடு எப்படி முடிப்பது என்று யோசிக்க இந்த மனிதர் படுகிற பாட்டில், அந்த வேலையை நாலு தடவை செய்து முடித்துவிடலாம். நானோ பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே கணக்கைப் பிள்ளைகளைத் திரும்பத் திரும்பப் போட வைத்துச் சம்பளம் வாங்குகிறவள். எங்களுக்குள் ஒத்துப்போனதே பெரிய விஷயம்.

இவருக்குத் திருச்சியில் ஒரு சின்ன கம்பெனியில் செல்போன் ஆப் எழுதுகிற வேலை. கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். எழுதுவதெல்லாம் எங்கேயோ இருக்கிற பல் டாக்டருக்கும், நாய்க்குத் தீனி விற்கிற கடைக்காரருக்கும். நம்ம சனங்களுக்கு உபயோகமாக ஒன்றாவது எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார். சொந்த ஊர் திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சிங்கப்பூர், சவுதி, திருப்பூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். கல்யாணம் வைத்தால் பத்திரிகை கொடுக்கவே ஒரு மாதம் அலைய வேண்டும். அதற்காகத்தான் இந்த ஆப்பை எழுத உட்கார்ந்தார். ‘நல்லது கெட்டது’ என்று பெயர் வைத்தது நான்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோவது எல்லாம் நல்லது. வீட்டுக்கு வந்து முறையாக அழைத்தால்தான் போவோம். அழைக்காத இடத்துக்குப் போய் நின்றால் மரியாதை கெட்டுவிடும். சாவு, கெட்டது. அதற்கு அழைப்பே கிடையாது. ஆள் விட்டு ஊர் ஊராகச் சாவுச் செய்தி சொல்வார்கள். அதுதான் கேதம். காதில் விழுந்தால் போட்டது போட்டபடி கிளம்பிவிட வேண்டும். பேச்சு வார்த்தை இல்லாதவர்களும் வருவார்கள். பல வருஷத்துப் பகை அந்த ஒரு நாளில் அழுது தீர்ந்துபோவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆப்பில் அடியில் இரண்டு பொத்தான்கள். ஒன்றைத் தொட்டால் நல்லது, இன்னொன்றைத் தொட்டால் கெட்டது. நல்லதுக்கான பக்கத்தைப் பல ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து இழைத்தார். போட்டோ வைக்க ஒரு இடம், ஊர், நேரம், வழி. கடைசியில் ‘யாருக்கு?’ என்று கேட்டுச் சொந்தக்காரர்களின் பெயர்கள் வரிசையாக வரும். அழைக்க வேண்டியவர்களைத் தொட்டு டிக் செய்ய வேண்டும். அடுத்த விசேஷத்துக்கு மறுபடி முதலிலிருந்து டிக் செய்யாமல் இருக்க, போன தடவை டிக் செய்த பெயர்களை ஆப் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அது இவருடைய தனிப் பெருமை.

கெட்டதுக்கான பக்கத்தை ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டார்.

“அதெப்படி அதுக்குள்ள?” என்றேன்.

“மாவு ஒண்ணுதானே வனிதா. இட்லியும் ஊத்திக்கலாம், தோசையும் ஊத்திக்கலாம். நல்லதுக்கு எழுதுன ஸ்கிரீனையே கெட்டதுக்கும் போட்டுட்டேன். மஞ்சளைக் கறுப்பாக்கியாச்சு. வாழ்த்துங்கிற எடத்துல அஞ்சலி. கெட்டதுக்கு யாருக்குன்னு கேக்கக் கூடாதுல்ல? அந்தக் கேள்விய மட்டும் மறைச்சுட்டேன். எல்லாருக்கும் போயிரும்.”

அவர் செல்போனில் அனுப்பிப் பார்த்தார், வந்தது. என் செல்போனில் அனுப்பிப் பார்த்தார், வந்தது. ஊரில் எல்லோரும் ஆப்பை இறக்கிக்கொண்டார்கள். கேள்விப்பட்டு வேற்றூர்க்காரர்களும் இறக்கி, அவரவர் சொந்தபந்தங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு விழுந்த சில சாவுகளுக்குச் செய்தி நிமிஷத்தில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. கேதம் சொல்ல இனிமேல் ஆள் தேட வேண்டியதில்லை என்று ஊரே பாராட்டியது. இவர் கொஞ்ச நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார். நானும் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

என் மாமனார் ஆவுடையப்பன் எங்களோடு கீரனூரில்தான் இருக்கிறார். மாமியார் போன பிறகும் ஊரில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவரை இங்கே கொண்டுவந்தது ஒரு சண்டை. அவருக்குக் கூடப்பிறந்தது ஒரே அக்கா, ராசாத்தி. தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் மாமாவை இடுப்பில் தூக்கி வளர்த்தது அந்த அக்காதான். அதே ஊரிலேயே வாழ்க்கைப்பட்டதும் தம்பியைப் பார்த்துக்கொள்ளத்தான் என்பார்கள். அந்த ராசாத்தி அத்தையின் மகன் உதயசூரியன் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து, மாமா வயலை ஒட்டி ஆழ்துளைக் கிணறு போட்டான். மாமாவின் கிணறு வற்றிப்போனது. வாய் முற்றியது. “இனி ஒன் வாசப்படிய மிதிச்சா நான் ஆவுடையப்பன் இல்லடா” என்று சொல்லிவிட்டுத் துணிமணியோடு இங்கே வந்துவிட்டார். அதற்குப் பிறகு அக்காவோடும் பேச்சு நின்றுபோனது. இரண்டு பேருக்கும் வீம்புக்குக் குறைச்சல் இல்லை. யார் முதலில் போன் போடுவது என்பதிலேயே வருஷம் ஓடியது.

போன தை மாதம் உதயசூரியன் புது வீடு குடிபோனான். அழைப்பை எங்கள் ஆப்பில்தான் போட்டான். எங்கள் வீட்டுப் பெயரை மட்டும் டிக் செய்யவில்லை. தான் எழுதிய ஆப்பில் தனக்கே அழைப்பு வராததை இவர் சிரித்துச் சமாளித்தார். மாமாவால் முடியவில்லை. குடிபோகிற அன்றைக்குக் காலையில் குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு செல்போனை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

“இதுல சார்ஜ் இருக்கான்னு பாரு ஆத்தா” என்று இரண்டு தடவை என்னிடம் நீட்டினார். கடைசி நேரத்திலாவது கூப்பிடுவார்கள் என்று நினைத்திருப்பார் போல. சாப்பாட்டு நேரம் தாண்டியதும் வேட்டியை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டார். எனக்கு உதயசூரியன் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை இவர் வேலையிலிருந்து நல்ல சந்தோஷமாக வந்தார். ஆப்பில் எத்தனை அறிவிப்பு போயிருக்கிறது என்று மட்டும் இவருக்குத் தெரியும். யார், எந்த ஊர் என்பதெல்லாம் வராது. அடுத்த வீட்டு விஷயம் நமக்கு எதற்கு என்று இவரே அப்படி வைத்திருந்தார்.

“இன்னிக்குக் கெட்டதுல ஒண்ணு போயிருக்கு வனிதா. நமக்கு வரல, வேற ஏதோ சொந்தக் கூட்டம் போல. நம்ம ஆளுக எல்லாரும் ஆப்புக்குப் பழகிட்டாங்க” என்றார்.

மாமா அப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் இவருக்குப் போன் வந்தது. உதயசூரியன். அத்தனை நாள் கழித்துப் பேசுகிறவன், எடுத்ததுமே கத்தினான். ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது.

“எங்கம்மா முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தான் மச்சான் இருந்துச்சு. நேத்து விடிகாலையில மாரு வலிக்குதுன்னுச்சு, போயிருச்சு. ஒங்கப்பா வருவாரு வருவாருன்னு பொழுது எறங்குற வரைக்கும் போட்டு வச்சிருந்தோம். பொறந்த வீட்டுக் கோடி விழுகாமத்தான் எங்கம்மா போயிருக்கு. சாவுக்குக்கூடவா வீம்பு?”

எந்த வயதில் போனாலும் ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். அதுதான் கோடி. அத்தைக்கு அதைப் போட உலகத்தில் இருந்தது மாமா ஒருவர்தான்.

“எங்களுக்கு வரவே இல்ல மச்சான்” என்றார் இவர்.

“பொய் சொல்லாதீக. நானே என் கையால கெட்டதுல போட்டேன். எல்லாத்துக்கும் போயிருமுன்னு நீங்கதானே சொன்னீக. அதை நம்பித்தான் யாருக்கும் ஆள் அனுப்பல.”

இவர் போனை வைத்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். ரொம்ப நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. கெட்டதில் ‘யாருக்கு?’ என்ற கேள்வியை மறைத்தாரே தவிர, அதற்குப் பின்னால் இருந்த ஞாபகத்தை எடுக்கவில்லை. ஒரே ஸ்கிரீன், ஒரே ஞாபகம். நல்லது எதுவும் போடாத செல்போனிலிருந்து அனுப்பினால் எல்லோருக்கும் போகும். இவர் சோதித்துப் பார்த்த போன்கள் அப்படி. முன்னால் சாவு விழுந்த வீடுகளும் அப்படி. உதயசூரியன் போன் தை மாதத்து டிக்கை ஞாபகம் வைத்திருந்தது. அம்மாவின் சாவைத் தன் புது வீட்டுக்கு அழைத்தவர்களுக்கு மட்டும் சொல்லியிருந்தது.

ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கையில் செய்தி வந்தவர்கள் எல்லாம் தம்பிக்கும் வந்திருக்கும் என்றே நினைத்தார்கள். சண்டை தெரிந்தவர்கள், வராததற்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஒருத்தராவது ஒரு போன் போட்டிருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் போய் நின்றிருப்போம். யாரைக் குறை சொல்ல?

மாமா அறை வாசலில் நின்றிருந்தார். போனில் வந்த கத்தலை அவரும் கேட்டிருக்கிறார்.

“அக்கா போயிருச்சா?”

இவர் தலையை ஆட்டினார்.

“உதயன் எனக்குச் சொல்லாம விட்டுட்டானா?”

இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். என் புருஷனை நான் ஆயிரம் கேலி பேசுவேன், ஆனால் அன்றைக்கு அவர் பொய் சொல்லவில்லை.

“அவன் சொல்லிட்டான்ப்பா. நான் எழுதுனதுதான் ஒங்களுக்குச் சொல்லாம விட்டுருச்சு.”

மாமா உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். திட்டவில்லை. “சேலை எடுக்கணும். கெளம்புங்க” என்று மட்டும் சொன்னார்.

புதுக்கோட்டையில் இறங்கி, மாமாவே கடையில் நின்று அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்தார். சும்மா ஏதோ ஒன்றை எடுக்கவில்லை. மூன்றைப் பிரிக்கச் சொல்லி, அக்காவுக்குப் பிடித்த கரை எது என்று யோசித்து எடுத்தார். நானும் இவரும் கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றோம்.

ஊரில் பந்தல் பிரித்திருந்தார்கள். வாசல் கழுவிக் காய்ந்திருந்தது. வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்ன மனிதர் ஒரு நொடிகூட நிற்காமல் ஏறி உள்ளே போனார். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். உதயசூரியன் சுவரோரமாக நின்றான். இவர் அவனிடம் போய் நடந்ததை மெதுவாகச் சொன்னார். அவனுக்குப் பாதி புரிந்திருக்கும். கோபம் மட்டும் இறங்கிவிட்டது தெரிந்தது. இறங்கி என்ன பிரயோசனம்?

மாமா சேலைப் பையோடு நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தார். அதை எங்கே வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. உடம்பு இல்லாத வீட்டில் கோடியை எங்கே போடுவது?

“மொகத்தைக் கடைசியா யாரும் போட்டோ புடிச்சீகளா?” என்று கேட்டார்.

உதயசூரியன் தன் போனில் எடுத்துக் காட்டினான். மாமா இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அத்தை மேல் ஊதா நிறத்தில் யாரோ போட்ட சேலை கிடந்தது.

“மன்னிச்சுருங்க மாமா” என்றான் உதயசூரியன். “வீடு குடிபோன அன்னிக்கு ஒங்களக் கூப்பிடலைன்னு எங்கம்மா என்னைய அந்தத் திட்டுத் திட்டுச்சு. கடைசியில என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘நீ கூப்பிடாட்டிப் போடா. என் சாவுக்கு அவன நீ கூப்பிட வேண்டியதே இல்ல. எந்தம்பி தானா வந்து நிப்பான்’னு சொல்லுச்சு. அதனாலதான் நேத்து அம்புட்டு நேரம் காத்துக் கெடந்தோம்.”

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரமே இவர் கெட்டதுக்கென்று தனியாக ஒரு ஸ்கிரீனை முதல் வரியிலிருந்து எழுதினார். அதில் எந்த ஞாபகமும் கிடையாது, எல்லோருக்கும் போகும். எழுதி முடித்துவிட்டேன் என்று என்னிடம் காட்டவும் இல்லை. முன்பெல்லாம் இதற்கே நான் நாலு கேலி பேசியிருப்பேன்.

மாமா தன் செல்போனை என்னிடம் கொடுத்து, நீயே வச்சுக்க ஆத்தா என்றார். இப்போது தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறார். திருமயம் பக்கமிருந்து வருகிற பஸ் நின்றதும் கிட்டே போய், இறங்குகிறவர்களை நிறுத்தி, “அங்கிட்டு ஏதும் கேதம் உண்டா?” என்று கேட்கிறார். அவர் ஊர் ஆட்கள் யாராவது இருந்தால் நின்று பேசுவார்கள். தெரியாதவர்கள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளித் திருச்சி பஸ்ஸுக்கு நிற்கிற என் வீட்டுக்காரர் தினமும் இதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.