பின்சக்கரத்துக்கு ஓர் ஆள்

மலாக்காவின் காஜா பெராங்கில் குடியிருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு வேலை இருந்தது. சம்பளம் கிடையாது. ஓர் இத்தாலிக் காரின் இரண்டு இருக்கைகளுக்கும் பின்னால் இருந்த தகரத் தட்டில், வெறும் கனத்துக்காக உட்கார்ந்திருப்பதுதான் அந்த வேலை.

அந்தக் கார் தாழ்வான, துணிக்கூரை போட்ட பந்தயக் கார். எஞ்சின் முன்னால் இருந்தது, தள்ளுவது பின்சக்கரங்கள். கனமெல்லாம் மூக்கில்; வாலில் ஒன்றுமில்லை. ஈர மண்ணில் மேடு ஏறினால் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றும். வளைவில் வால் தனியாக வேறு பக்கம் போகும். அதன்மேல் ஓர் ஆள் உட்கார்ந்தால் டயர் மண்ணைக் கடிக்கும். மணல் மூட்டை வைத்தால் போதாதா என்று நானே ஒருமுறை கேட்டேன்.

"மூட்டை வளைவில சாயாது, தம்பி. மனுஷன் சாய்வான்" என்றார் காரின் சொந்தக்காரர்.

அவர் மலாக்கா செட்டி. நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு இருக்கும், வீட்டில் பிள்ளையார் படம் இருக்கும். பேச்சு மட்டும் முழுக்க மலாய். அவரிடம் இருந்த சில தமிழ்ச் சொற்களில் 'தம்பி'யும் ஒன்று. நான் அவரை அபாங், அதாவது அண்ணன், என்று மலாயில் கூப்பிடுவேன். நாங்கள் மலாயில் பேசிக்கொண்டதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, பிறகு கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார துரையிடம் அந்தக் காரை வாங்கியிருந்தார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் கார் பழுதுபார்ப்பில் இருந்தது. அதனாலேயே அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று அவருடைய அக்கா சொல்வார்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அப்பா சயாம் ரயில் போடப் போய்த் திரும்பவில்லை. அம்மாவும் போன பிறகு கிள்ளான், சிங்கப்பூர், மூவார் என்று வேலை கிடைத்த இடத்தில் தூங்கினேன். மலாக்காவில் லோரி கெலிண்டான் வேலை கிடைத்தது. அதாவது ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூட்டை ஏற்றி, இறக்கி, பின்னால் போகும்போது கத்துகிற ஆள். லைசன்ஸ் எடுத்துவிட்டேன். அது சட்டைப் பையில் வியர்வையில் நனைந்து காய்ந்துகொண்டிருந்ததே தவிர, ஒரு வண்டியை என் கையில் கொடுக்க யாரும் தயாராக இல்லை. எனக்கு அப்போது ஒரே ஆசை: ஸ்டேரிங்குக்குப் பின்னால் உட்கார வேண்டும். அந்த இத்தாலிக் காராக இருந்தால் இன்னும் நல்லது.

அபாங் வாக்குக் கொடுத்திருந்தார். "பாபாவோட போட்டி நடக்கிற அன்னைக்கு முதல் ஓட்டம் நான். ரெண்டாவது ஓட்டம் நீ ஓட்டு."

பாபா பக்கத்துத் தெங்கேராக்காரர், பொய்ப்பல் கட்டுகிறவர்; மலாய் பேசுகிற பாபா சீனர். அவரிடம் இருந்தது துணிக்கூரை போட்ட ஜப்பான் கார். அதுவும் பின்சக்கரம் தள்ளுவதுதான். எஞ்சின் சின்னது, பின்சக்கரத்துக்குச் சங்கிலி வழியாக விசை போகும். "சைக்கிள் கடைக்காரன் செஞ்ச கார்" என்பார் அபாங். "உன்னுது ஓடுறதைவிட அழுவுறதுதான் அதிகம்" என்பார் பாபா. ஒரே ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள். புதிதாக வந்திருந்த சின்ன இங்கிலீஷ் கார்களில் முன்சக்கரமே வண்டியை இழுத்தது. அது இருவருக்கும் அருவருப்பு. "முன்னால இருந்து இழுக்கிறது மாடு" என்பார்கள் ஒரே குரலில்.

என்ன சொல்லி என்ன? போட்டி மட்டும் நடக்கவே இல்லை. ஒரு வாரம் இத்தாலிக்காரி எண்ணெய் ஒழுகுவாள். மறுவாரம் ஜப்பான்காரனுக்குச் சங்கிலி தளரும். மாற்றுச் சாமான் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும்; வந்தால் பொருந்தாது. நான் ஒவ்வொரு ஞாயிறும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து, எண்ணெய்க் கறையோடு திரும்புவேன்.

என் லோரி ஓட்டுநர் அண்ணனுக்கு இது ஒரு வேடிக்கை.

"என்னடா, இன்னிக்கும் மூட்டையாப் போறியா? உன் ஒடம்புக்கு அரை மூட்டை அரிசி போதுமேடா. அது சோறும் கேக்காது."

"ஓட்டத் தர்றேன்னு சொல்லியிருக்காரு அண்ணே."

"ஆமா, தருவாரு. கார் ஓடுனாத்தானே தருவாரு?"

அவர்தான் ஒரு சனிக்கிழமை சொன்னார்: "டேய், நாளைக்கு நம்ம மொதலாளி தவுக்கே ரெண்டாவது லோரிக்கு ஆள் பாக்குறாரு. காலையில வந்து ஓட்டிக் காட்டு. நான் சொல்லி வச்சிருக்கேன். வராம இருந்துடாத."

அந்த ஞாயிறுதான், அதிசயமாக, இரண்டு கார்களும் ஒரே நாளில் நன்றாக இருந்தன. குருபோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவுக்கு ஏறுகிற செம்மண் குன்றில் போட்டி. துரை விடுப்பில் போயிருந்தார். ஒவ்வொருவராக ஏறி, கடிகாரப்படி யார் சீக்கிரம் மேலே போகிறார் என்பது கணக்கு.

நான் குன்றுக்குத்தான் போனேன். லோரி எப்போதும் கிடைக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

மழை தூறிக்கொண்டிருந்தது. குன்றின் அடியில் போய் நின்றதும் பாபாவின் கார் இருமிவிட்டு அணைந்தது. மூடியைத் திறந்து பார்த்தார்கள். பிளக்குக்குத் தீப்பொறி அனுப்புகிற காயில் போய்விட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எதிராளி இல்லாவிட்டால் அபாங் ஒரு முறை ஏறுவார், அடுத்து நான்.

அபாங் ஒரு சிகரெட்டைப் பிடித்து முடித்தார். பிறகு ஸ்பானரை எடுத்துத் தன் காரின் காயிலைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அபாங், என்ன செய்றீங்க?"

"அவன் காருக்கு மாட்டப் போறேன். அவன் ஏறட்டும். அப்புறம் திரும்ப நம்ம காருக்கு மாட்டிக்கலாம்."

"அவர் கார் நின்னுபோச்சு. நாம ஜெயிச்சாச்சே!"

"யாரை ஜெயிச்சோம்?" என்று அவர் என்னை முறைத்தார். "கெட்டுப்போன காயிலையா?"

பாபா அந்தக் காயிலோடு ஏறினார். பாதி வழியில் சக்கரம் சுற்றிச் சுற்றிச் சேறு அள்ளி வீசியது. எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தார். இறங்கி வந்ததும், கை சுடச்சுடக் காயிலைக் கழற்றி எங்கள் காருக்கு மாட்டினோம். அபாங் ஓட்டினார், நான் தட்டில் உட்கார்ந்து, வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன். சக்கரம் கடித்தது. பாபாவைவிட நன்றாகவே முந்திவிட்டோம்.

கீழே வந்ததும் நான் குதித்து இறங்கி ஓட்டுநர் பக்கக் கதவருகே போய் நின்றேன். அதற்குள் பாபா வந்துவிட்டார்.

"இது நியாயமில்லை. உன் காரில ஆள் இருந்தான். என் காரில ஆள் இல்லை."

அபாங் யோசித்தார். அவர் நியாயஸ்தர், அதுதான் எனக்குச் சனியாக வந்து வாய்த்தது.

"சரி" என்றார். "காயிலைக் கழற்று. தம்பி, நீ அவன் காரில போய் உட்காரு."

"ரெண்டாவது ஓட்டம் என்னுதுன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். முதல் ஓட்டமே இன்னும் முடியலையே."

பாபா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க ஆளுங்களுக்கு ஜப்பான்காரன்னா கோபம் இருக்கும்" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது அந்தக் கார் அல்ல. அதற்கும் எனக்கும் ஒரு பகையும் கிடையாது. என்னைக் காயில் மாதிரி கழற்றி இங்கேயும் அங்கேயும் மாட்டுகிறார்களே, அதுதான் கோபம். ஆனாலும் போய் உட்கார்ந்தேன். நான் உட்காரவில்லை என்றால் முதல் ஓட்டம் முடியாது. முதல் ஓட்டம் முடியாவிட்டால் எனக்கு ஸ்டேரிங் இல்லை.

அந்தக் காரில் தட்டுகூட இல்லை. பின்மூடியின் மேல் குப்புறப் படுத்து, இருக்கைகளின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். பாபா காரைக் கிளப்பினார். முதல் வளைவைத் தாண்டுவதற்குள் பின்னால் ஹார்ன் சத்தம். தோட்டத்துக் கணக்கு வழக்கைப் பார்க்கிற பெரிய கிராணி, அந்தச் சின்ன இங்கிலீஷ் கார்களில் ஒன்றில், முன்சக்கரம் இழுக்க, கனத்துக்கு ஆளும் இல்லாமல், சேற்றில் ஒரு வழுக்கல்கூட இல்லாமல் எங்களைத் தாண்டி ஏறிப்போய்க் குறுக்கே நிறுத்தினார்.

"யோவ்! யாரு ரோட்டுல யாருய்யா உழுறது? துரை வந்து கேட்டா உங்க அப்பனா பதில் சொல்லுவான்? எறங்குங்கய்யா! இப்பவே தோட்டத்தை விட்டுப் போவணும்!"

கீழே போனதும் காயிலை மாற்றிக்கொள்கிறோம் என்று நான் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை, பின்னாலேயே வந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். அபாங்கும் பாபாவும் அந்தச் சின்னக் காரின் பக்கம் திரும்பவே இல்லை. அது ஏறியதைத் தாங்கள் பார்க்கவே இல்லை என்பதுபோல வேறு பக்கம் பார்த்தபடி கயிற்றை எடுத்துக் கட்டினார்கள். காயில் ஜப்பான் காரில் இருந்ததால் அதுதான் இழுக்க வேண்டும். எதிராளியால் இழுக்கப்படும் காரில் உட்கார்ந்து வர அபாங்குக்கு மனம் வரவில்லை. பாபாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

"தம்பி, நீ ஸ்டேரிங் பிடி."

அப்படித்தான் நான் அந்தக் காரை ஓட்டினேன். எஞ்சின் செத்து, கயிறு விறைத்து, முன்னால் போகிற ஜப்பான் கார் தெறிக்கவிட்ட சேறு முகத்தில் விழ, குருபோங்கிலிருந்து காஜா பெராங்வரை. பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வந்தேன். பின்சக்கரங்கள் தள்ளும்போது இடுப்பில் ஓர் உதை தெரியும் என்று அபாங் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். தட்டில் உட்கார்ந்து அதை முதுகில் வாங்கியிருக்கிறேன். ஸ்டேரிங் கையில் இருக்கும்போது அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவேயில்லை.

சந்து முனையில் கயிற்றை அவிழ்த்தார்கள். அபாங் வந்து கதவைத் திறந்தார்.

"எறங்கு. சந்து குறுகல். நீ சுவத்துல கீறிடுவே. பின்னால போய்த் தள்ளு."

தள்ளினேன். அவர் ஸ்டேரிங்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, பந்தயத்தில் வருகிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்து உள்ளே போனார். கொட்டகையில் நிறுத்திவிட்டு மூடியைத் தடவினார்.

"எப்படி இருந்துச்சு? ஜப்பான் காரிலயும் ஏறினே, இதையும் ஓட்டினே. எது நல்ல கார், சொல்லு."

"எஞ்சினே ஓடலையே அபாங். எனக்கு எப்படித் தெரியும்?"

"செத்துக் கிடந்தாலும் தெரியணும்" என்றார் நிஜமான கோபத்தோடு. "அதுகூடத் தெரியாதவனுக்கு எப்படி நான் ஓட்டக் கொடுப்பேன்?"

மறுநாள் காலை லோரிக் கொட்டகையில் இரண்டாவது லோரியின் சாவி வேறொருவன் கையில் இருந்தது. அண்ணன் தன் லோரியைக் கிளப்பினார். நான் முதல் லோரியில், இடதுபக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.