ஆலங்கட்டி விழுந்த மத்தியானம்

எண்ணெய்ப் போத்தலை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் அடுப்பு மூட்டுகிறாள் சண்முகவடிவு. கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்துக் குளிரில் தேங்காயெண்ணெய் கல்லாக இறுகிவிடும். உடம்புச் சூட்டில் அது இளகுவதற்குள் தேநீர் கொதித்துவிடும். இளகியதைக் குதிகால் வெடிப்புகளில் அப்பியபடி வாசலைப் பார்த்துத் திட்டத் தொடங்குவாள். புல்லின்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும் உறைபனிக்குத்தான் அந்த அர்ச்சனை. "வந்துட்டியா? கொழுந்தக் கருக்குன, காலத் தின்ன, இன்னும் என்னா வேணும் ஒனக்கு?"

குள்ளமான, இறுகிய உடம்பு. மெதுவாகப் பேச அவளுக்கு வராது. இரகசியம் சொன்னாலும் அடுத்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கேட்கும். கணவன் பொன்னையா வாய் திறப்பதே அபூர்வம். "அவரு பங்கையும் சேத்து நானே பேசிர்றேன்" என்பாள்.

சென்ற பங்குனியில் ஒரு மத்தியானம் ஆலங்கட்டி மழை கொட்டியது. கொழுந்துக் கூடையைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு பெண்கள் மலையிலிருந்து ஓடிவந்தார்கள். மழை விட்டபோது, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை வைத்திருக்கும் பிள்ளைக் காம்பராவின் முற்றம் உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது.

அங்கே துரையின் மனைவி காரில் வந்து இறங்கினாள். நாடு சுதந்திரமடைந்து ஆறேழு வருடமாகியும் அந்தத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரத் துரைதான். துரைசாணி ஆலங்கட்டியைக் கை நிறைய அள்ளிக் கண்கலங்கச் சிரித்தாள். தன் ஊர்ப் பனிக்காலம் ஞாபகம் வந்துவிட்டதாம். பிள்ளைகளை அதில் இறக்கி விளையாடவிடச் சொல்லி, கழுத்தில் தொங்கிய கமராவைத் திறந்தாள்.

கணக்கப்பிள்ளை சிவசாமி மறுபேச்சில்லாமல் இறக்கிவிட்டார். ஒரு பிள்ளையின் காலிலும் எதுவுமில்லை. சிலவற்றுக்கு இடுப்பிலும் இல்லை. வீறிட்டு அழுதவற்றில் ஒன்று சண்முகவடிவின் கடைக்குட்டி அழகன். அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவனைத் தூக்கினாள். பாதம் சிவந்து விறைத்திருந்தது.

"என்னாங்கய்யா இது?"

"சும்மா இரு புள்ள. தொரைசாணி ஊர்ல பிள்ளைங்க இதுலதான் விளையாடுமாம்."

"அங்க பிள்ளைங்களுக்கு மேலுக்கும் காலுக்கும் என்னா போட்டு விடுவாங்கன்னு கேளுங்க."

அதை மட்டும் அவர் ஆங்கிலத்தில் கேட்டார். துரைசாணி பூரித்துப்போய்ச் சொல்லிக்கொண்டே போனாள். கம்பளிக் காலுறை, கையுறை, முழங்கால்வரை சப்பாத்து, வீட்டுக்குள் வந்ததும் கணகணவென்று நெருப்பு, சுடச்சுடப் பால். சிவசாமி தமிழில் சொல்லி முடிக்கும்வரை சண்முகவடிவு பொறுத்திருந்தாள்.

"சரிங்க. அதெல்லாம் குடுத்துட்டு விளையாடச் சொல்லுங்க. இல்லாட்டி அவங்களும் சப்பாத்தக் கழட்டிட்டு இதுல நிக்கட்டும். படத்த நான் புடிக்கிறேன்."

சிவசாமிக்கு முகம் வெளிறியது. இவளுக்கு மிகுந்த சந்தோஷம் என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்தார். துரைசாணி தலையசைத்துப் புன்னகைத்தாள். தான் சொன்னது போய்ச் சேரவில்லை என்பது அந்தப் புன்னகையிலேயே சண்முகவடிவுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே துரைசாணியின் காலடியில் குந்தி, அவளுடைய சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

துரைசாணி பதறிப் பின்வாங்கினாள். படம் எடுக்கவில்லை, கார் போய்விட்டது. பெண்கள் ஆளுக்கொரு பிள்ளையாகத் தூக்கி, சேலைத் தலைப்பால் கால்களைத் தேய்த்துச் சூடேற்றினார்கள்.

மறுநாள் காலை பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் களத்தில், சிவசாமி எல்லாப் பெயர்களையும் கூப்பிட்டார், அவளுடையதைத் தவிர. பெயர் கூப்பிடாவிட்டால் அன்றைக்கு வேலையுமில்லை, கூலியுமில்லை.

"பங்களாவுக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வா. பொறகு பாக்கலாம்."

"எதுக்குங்க? அவங்க காலு ஒண்ணும் வெறைக்கலியே."

யாரும் சிரிக்கவில்லை. பெயர் கூப்பிடப்பட்ட பெண்களும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. சண்முகவடிவு கொழுந்து பறிக்கையில் கட்டும் சாக்குப் படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். கணக்கப்பிள்ளை கூப்பிடாத தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னாள். பிறகு கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறினாள்.