அத்தையின் ஏடிவிக்கு ஒரு ஏரியல்

அத்தையின் ஏடிவியை ஓட வைத்தது யார் என்று எங்கள் தோட்டத்து லயத்தில் யாரைக் கேட்டாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள், அந்த அளவுக்கு நான் சொல்லி வைத்திருக்கிறேன். பத்து வயதில், செத்துப்போன ஒரு ரேடியோவின் ஏரியலை வைத்துக்கொண்டு அந்தக் காரியத்தைச் செய்தேன். அத்தை பக்கத்தில் இருந்தால் சிரிப்பாள், ஆனால் மறுத்ததில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். வருடக்கணக்கில் தேயிலைக் கொழுந்து பறித்தவள், ஒரு நாள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் மலையடிவாரத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு பழைய ஏடிவியை வாங்கி, லாரியில் ஏற்றிவந்து வாசலில் இறக்கினாள். நான்கு தடித்த சக்கரம், மோட்டார் சைக்கிள் கைப்பிடி, பின்னால் சாமான் வைக்க ஒரு கம்பித்தட்டு. மலைமேல் திரிங்காப்பில் ஒரு பூந்தோட்டத்து முதலாளியான தவுக்கே, சரிவில் இருந்து பூக்கூடைகளை லாரி நிற்கும் இடம்வரை இறக்கிப் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். சொந்த வண்டியோடு வந்தால், தீபாவளி கழிந்ததும் வேலை அவளுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். இனிமேல் எந்தக் கங்காணிக்கும் கைகட்டிப் பதில் சொல்லத் தேவையில்லை என்று அத்தை அடுப்படியில் நின்று அறிவித்தாள். அம்மாவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அப்பா வீட்டில் இருக்கும்போது அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அப்பா தோட்டத்து லாரி ஓட்டுகிறவர். வண்டி என்று வந்துவிட்டால் தன்னைக் கேட்காமல் ஒரு ஆணிகூட வீட்டுக்குள் வரக் கூடாது என்று நினைப்பவர். அவரைக் கேட்காமல் ஒரு முழு வண்டியே வந்து இறங்கியதை அவரால் பொறுக்க முடியவில்லை. வண்டியும் அவருக்குச் சாதகமாகவே நடந்துகொண்டது. கீழே நன்றாக ஓடிய வண்டி, மலைக்கு வந்ததும் இருமியது. கிளப்பினால் கறுப்பாகப் புகை விட்டு நின்றது. மறுபடி கிளப்பினால் மறுபடி நின்றது. ஒரு நாள் அந்தப் புகை நேராகப் போய், ஆயுத பூஜைக்கு என்று துவைத்துக் காயப்போட்டிருந்த அப்பாவின் வெள்ளை வேட்டியில் படிந்தது. அன்றைக்குத்தான் அவர் அந்த வார்த்தையை விட்டார்.

"இதை வித்துத் தள்ளிட்டுத்தான் மறுவேலை. பெர்த்தாம் மச்சான்கிட்ட பேசிட்டேன். ஆயுத பூஜை அன்னிக்கு மத்தியானம் வருவாரு."

பெர்த்தாம் மச்சான் என்பவர் லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் அப்பாவின் சினேகிதர். எனக்கு மாமா முறை. ஓடாத வண்டியைக் கிடைத்த விலைக்கு வாங்கிப்போட அவர் தயார் என்று அப்பா சொன்னார். அத்தை அழவில்லை, சண்டையும் போடவில்லை. "அதுக்குள்ள ஓடிட்டா?" என்று மட்டும் கேட்டாள். "ஓடட்டும், அப்போ பார்க்கலாம்" என்றார் அப்பா.

வியாதி என்ன என்பதை அத்தை கைப்பேசியில் வீடியோ பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். அதைக் கீழே உள்ள காற்றுக்குத் தகுந்தபடி முடுக்கி வைத்திருந்தார்கள். மலையில் காற்று லேசு, பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே வந்து இறங்கினால் வண்டிக்கு மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? ஒரே ஒரு திருகாணியைக் கொஞ்சம் உள்ளே திருகினால் போதும். ஆனால் அந்தத் திருகாணி ஒரு குழிக்குள் ஒளிந்திருந்தது. அதன் தலை வட்டமாக இருந்து ஒரு பக்கம் மட்டும் சீவிவிட்டது போல இருந்தது. சாதாரணத் திருப்புளி அதைப் பிடிக்கவே பிடிக்காது. அதற்கென்றே குழாய் மாதிரி ஒரு திருப்புளி உண்டு.

அந்தத் திருப்புளியைத் தேடி அத்தை பட்ட பாடு கொஞ்சமில்லை. தானா ராத்தா டவுனில் மோட்டார் பட்டறைகள் ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். ஒருவர் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார். இன்னொருவரிடம் அந்தத் திருப்புளி இருந்தது, ஆனால் அது அவர் கையை விட்டு எங்கும் போகாதாம், வண்டிதான் அதனிடம் வர வேண்டுமாம். ஓடாத வண்டி எப்படிப் போகும்? கடையில் விற்ற திருப்புளி செட்டின் விலையைக் கேட்டதும் அத்தை வெளியே வந்துவிட்டாள். கடைசியில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்று, கைப்பேசியில் எல்லாவற்றிலும் மலிவான ஒரு செட்டை ஆர்டர் செய்தாள். பல வகைத் தலை, ஒரே பிடி. மலிவு என்பதால் அது அவசரமே இல்லாமல் வந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள்தான் தானா ராத்தா மளிகைக் கடைக்கு வந்து சேர்ந்தது. அதை லாரியில் எடுத்து வந்தவர் அப்பா.

எடுத்து வந்தவர் அத்தையிடம் கொடுக்கவில்லை. நேராகச் சாமி மேடைக்குக் கொண்டுபோனார்.

"புதுச் சாமான். பூஜையில வெச்சு எடுத்துட்டுத்தான் தொடணும்."

"அண்ணே, நாளைக்கு மத்தியானம் அவரு வந்துடுவாருலா."

"அதுக்கு? ஆயுதத்தை நாளன்னிக்குக் காலையிலதான் எடுக்கிறது. வழக்கம் தெரியாதா உனக்கு?"

பார்சலைப் பிரிக்கக்கூட இல்லை. அட்டைப்பெட்டியின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார். அவருடைய ஸ்பானர்கள், குறடு, சுத்தியல், அம்மாவின் கொழுந்து வெட்டும் கத்தரி, அரிவாள்மனை, என் பள்ளிப் புத்தகங்கள், பேனாக்கள் எல்லாம் மேடைக்குப் போய்விட்டன. அம்மா அம்மிக்கல்லுக்குக்கூடப் பொட்டு வைத்தாள். அப்பா எவ்வளவு தந்திரமாக நாள் குறித்திருக்கிறார் என்று நான் அன்றைக்கு வியந்தேன். வருடத்திலேயே ஒரு நாள்தான் எந்தச் சாமானையும் தொட முடியாது, அந்த நாளைப் பார்த்தா அத்தையின் கையைக் கட்டுவது? அப்பா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

மறுநாள் காலை பூஜை முடிந்தது. லயத்தில் இருந்த மோட்டார் சைக்கிள்கள், கார்கள், அப்பாவின் லாரி எல்லாம் மாலையோடு தத்தம் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு நகர்ந்தன. அத்தையின் ஏடிவிக்கும் அப்பாவே மாலை போட்டார், பொட்டு வைத்தார், நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்தார். அது மட்டும் நகரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பழத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்போதுதான் ரேடியோ ஞாபகம் வந்தது. விறகுக் கொட்டகையில் ஒரு பழைய ரேடியோ, வாய் திறந்து வருடங்கள் ஆகியிருந்தது. அதன் ஏரியல் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மெல்லிய குழாய்களால் ஆனது. அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, கொட்டகையில இருக்கிற ரேடியோ ஆயுதமா?"

அம்மா வடையைத் திருப்பிக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு சாமி மேடையைப் பார்த்தாள். "பாடினா ஆயுதம். செத்ததுக்கு எல்லாம் யாரு பொட்டு வெச்சா? போ, போய் உன் அத்தைகிட்ட கேளு."

ஏரியலை முறித்து எடுத்துக்கொண்டு அத்தையிடம் ஓடினேன். அத்தை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் கையில் இருந்து ஏரியலைப் பிடுங்கி, உள்குழாயை இழுத்துப் போட்டு, வெளிக்குழாயின் வாயைத் திருகாணியோடு வைத்து அளந்து பார்த்தாள். கொஞ்சம் லூசு. சாக்கடை ஓரத்தில் கிடந்த ஒரு கல்லால் குழாயின் ஒரு பக்கத்தை மெதுவாகத் தட்டினாள். அந்தக் கல்லுக்கு மட்டும் யாரும் பொட்டு வைத்திருக்கவில்லை. வாய் ஒரு பக்கம் சப்பையாகி, திருகாணித் தலையைக் கவ்விப் பிடித்தது. ஆனால் அத்தையின் கை அந்தச் சந்துக்குள் நுழையவில்லை.

என் கை நுழைந்தது. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். என் கைதான் நுழைந்தது.

அத்தை கிளப்பினாள். வண்டி இருமியது. "உள்ள திருகு. மெதுவா. இன்னும் கொஞ்சம்." குழாய் வழுக்கியது, மறுபடி பிடித்தது, சூட்டில் என் விரல் காந்தியது. நான் கையை எடுக்கவில்லை. இருமல் குறைந்து முனகலானது, முனகல் சீராகி ஒரே குரலில் நின்றது. புகை வெளுத்து, பிறகு காணாமலே போனது. அத்தை என்னைத் தூக்கி முன்னால் உட்கார வைத்து, கியரைப் போட்டாள். நான்கு பழமும் நசுங்கின. லயத்துக் கோடிவரை போய்த் திரும்பி வந்தோம். சிரித்த பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

திரும்பி வந்தபோது வாசலில் பெர்த்தாம் மாமா மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். பின்னால் இருந்து அவர் மனைவி ஒரு வாழைப்பழச் சீப்போடு இறங்கினார். அத்தை இன்ஜினை அணைக்காமலே அப்பாவைப் பார்த்தாள். அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, காதைக் கொடுத்துக் கேட்டார்.

"ஓடுதே" என்றார்.

"ஓடுது" என்றாள் அத்தை.

"பூஜை போட்ட வண்டி, மச்சான். இன்னிக்கு எப்படிக் கைமாத்துறது?"

"அதானே, இன்னிக்குப் போய் யாரு விப்பாங்க? வடை வாசம் இழுக்குது, உள்ள போலாம்லா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வண்டி விற்கிற பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. தீபாவளி கழிந்ததும் அத்தை திரிங்காப்புக்கு வேலைக்குப் போனாள். இன்றைக்கும் போகிறாள், வண்டி மட்டும் மாறிவிட்டது. இன்ஜின் சத்தம் அப்பாவின் வாயை அடைத்துவிட்டது என்று நான் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அப்பாவின் காது படவும் சொன்னேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

போன ஆயுத பூஜைக்கு என் சொந்தக் காருக்குப் பொட்டு வைத்துப் பழம் வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பூஜை போட்ட வண்டியை அதே நாளில் விற்கிற குடும்பம் எங்கள் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. இது பத்து வயதில் எனக்கே தெரியும், அப்பாவுக்குத் தெரியாதா? வேட்டி கறுத்த கோபத்தில் விட்ட வார்த்தையைத் திரும்ப எடுக்க அந்த மனிதருக்கு ஒரு நல்ல நாள் வேண்டியிருந்தது, பார்த்துக் குறித்துக்கொண்டார். அன்றைக்கு ஏடிவியில் அவர் கையால் போட்ட மாலையும்தான் என் கண்ணெதிரே தொங்கியது.

விரலைச் சுட்டுக்கொண்ட வீராப்பில் நான் இன்னொன்றையும் கவனிக்கவில்லை. இருமி இருமி நிற்கிற ஒரு வண்டியை வாங்கிக்கொண்டு போக வந்த பெர்த்தாம் மாமா, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வாழைப்பழத்தோடு மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். ஏடிவியை எதில் ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தார் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.