கிரகமும் ஏழு பேர்ச் காணியும்

யாராவது அகப்பட்டால் ஒரு விஞ்ஞானக் கற்பனைத் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கச் சொல்வது எனக்கொரு வியாதி. அதன் மூல நாவல்களை முன்பே படித்தவன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வியாதி தணியும். அன்று அகப்பட்டவர், ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனைக்குத் தேயிலை மலைகளினூடே என்னை ஏற்றிவந்த ஓட்டோ சாரதி.

காதை மூடிய கம்பளித் தொப்பி, நரைத்த மீசை. வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டி மலையைப் பார்த்தார். ரோட்டையும் கொஞ்சம் பார்க்கலாமே என்றிருந்தது எனக்கு.

“ஒரு அறிஞர் கணக்குப் போட்டு, இந்த உலகம் அழியப்போகுதுன்னு சொல்லிடுறாருங்க,” என்று கதையைத் தொடங்கினேன்.

“எங்க தோட்டத்து லயத்து வீடுங்களுக்கும் அப்படி ஒரு ஐயா வந்தாரு சேர். மேல மலையில வெடிப்பு விழுந்திருக்கு, மழைக்கு முன்ன வீட்ட விட்டு எழும்பிடுங்கன்னு பேப்பர் ஒட்டிட்டுப் போனாரு. எங்க போறதுன்னு கேட்டா, அது வேற ஆபீஸாம்.”

அடுத்த வளைவைத் தாண்டியதும் என் கதைக்குத் திரும்பினார்.

“பொறகு அந்தச் சனங்க எங்க போனாங்க?”

“வேற ஒரு கிரகத்துல குடியேத்துறாங்க.”

“கிரகமேவா?” ஓட்டோவை நிறுத்திவிட்டுத் திரும்பினார். “நாங்க ஒரு வீடு கட்ட ஏழு பேர்ச் காணிதான் சேர் கேக்குறோம். அவங்க யாருகிட்ட மனு குடுத்தாங்க?”

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். பதிலுக்குக் காத்திருந்தார். எல்லாப் பாகங்களையும் இரண்டு தடவை படித்தவன் நான். மனுவைப் பற்றி எங்கும் இல்லை.

என்னை இறக்கிவிடும்போது தூறல் போட்டது.

“வாறேன் சேர். மழை புடிச்சா புள்ளைங்க பயப்படுங்க, வீட்டுக்குப் போயிரணும்.”

அங்கே போகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு எங்கே போகச் சொல்வது?