முப்பத்துநான்கு சென்டிமீட்டர்

இது நடந்தது. நேரம் சொல்லுவேன், அளவு சொல்லுவேன், கேட்டால் என் குறிப்புப் புத்தகத்தையும் காட்டுவேன். அதற்குப் பிறகும் இவள் கதை விடுகிறாள் என்று நினைத்தால் உங்கள் பாடு. எனக்குக் கோபம் சட்டென்று வரும். பொய் வராது.

என் பெயர் குணசுந்தரி. இங்கிலீஷ்காரர் நாட்டில், வால்தம்ஸ்டோ என்ற ஊரில் இருக்கிறேன். மியூசியங்களுக்கும், வீட்டில் பழம்பொருள் சேர்ப்பவர்களுக்கும் தாங்கி செய்து கொடுப்பது என் தொழில். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய கிண்ணம் அந்தரத்தில் நிற்பதுபோலத் தெரியும் அல்லவா? அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் கம்பி என்னுடைய கைவேலை. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பொருள் விழுந்து உடையும். அதனால் எதையும் மூன்று தரம் அளப்பேன்.

2024 டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை. காலை 10.20. ரெய்னர்ஸ் லேனில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரர் வைத்தியநாதன், சென்னைக்காரர், பெரிய ஃபைனான்ஸ் கம்பெனியில் உத்தியோகம். மனைவி வத்சலா அந்த வாரம் சென்னையில். மனிதருக்குக் கிரேக்க, ரோமப் பித்து. கீழே ஓர் அறை முழுக்க விளக்குகள், காசுகள், உடைந்த ஜாடிகள், ஒரு பளிங்குக் கை. மாலை வகுப்புக்குப் போய் லத்தீன் வேறு படித்திருக்கிறார்.

"சட்டம், ரோடு, செனட்... உலகத்துக்கே நாகரிகம் குடுத்தவங்க மேடம்," என்றார். பிறகு மேசையில் இருந்த துணியை விலக்கினார்.

ஓர் இரும்பு வளையம். அதில் காசளவு வெண்கலத் தகடு ஒன்று தொங்கியது. ரோமாபுரியில் அடிமையின் கழுத்தில் மாட்டுவது. தகட்டில் இருந்ததை அவரே வாசித்துத் தமிழில் சொன்னார்: 'ஓடிவந்துவிட்டேன். என்னைப் பிடி. எஜமானிடம் திருப்பிக் கொடு.'

நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கொக்கி இல்லை, பூட்டு இல்லை. இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஆணி அறைந்து நசுக்கியிருந்தது.

"இதை எப்பிடிக் கழட்டுறது?"

"கழட்டறதுக்குப் பண்ணலையே," என்று சிரித்தார்.

அளந்தேன். உள் சுற்றளவு 34.0. மூன்று தரமும் அதேதான்.

அப்போது தேநீர்த் தட்டுடன் வேலைக்கார அம்மா வந்தா. பிலோமினம்மா, தூத்துக்குடிப் பக்கம். வைத்தியநாதன் என் அளவு நாடாவை எடுத்தார். கேட்கவில்லை, கொள்ளவில்லை. அவவின் கழுத்தைச் சுற்றிப் பிடித்தார்.

"பாருங்க மேடம், 34. தச்ச மாதிரி இருக்கு. இவ கழுத்தையே மாடலா வச்சுக்கோங்க."

அந்த அம்மா தட்டைப் பிடித்தபடியே நின்றா. தேநீர் தட்டில் சிந்தியது. எனக்கு உச்சியில் நெருப்பு ஏறியது. நாடாவைப் பறித்துப் பைக்குள் போட்டேன்.

போன் பேச அவர் வெளியே போனதும் அவ கிசுகிசுத்தா. "எம் மவளுக்குத் தலப்பிரசவம்மா. பதினெட்டாந்தேதி நாள் குறிச்சிருக்கு. கல்யாணத்துக்குத்தான் விடல. இதுக்காவது போகணும். பாஸ்போர்ட்ட மேல பெட்டில வச்சுப் பூட்டிருக்காரு."

"போலீசிட்ட சொல்லுவம்."

"வேணாம்மா. விசா முடிஞ்சு போச்சு. என்னையத்தான் பிடிப்பாவன்னு சொல்லுதாரு."

போகுமுன் அந்த வளையத்தைக் கையில் எடுத்தேன். செய்தது சரியா பிழையா தெரியாது. வாய்விட்டே சொன்னேன். "உன்னைப் போட்டவன்ர கழுத்தில நீ கிடக்கோணும்."

வியாழன், 12ஆம் தேதி. தாங்கியோடு போனேன். எப்படியாவது அந்த மனிதரோடு கதைத்துப் பாஸ்போர்ட்டை வாங்கிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் மேல்மாடியில் மீட்டிங்கில் இருந்தார். பிலோமினம்மா சமையலறையில். மணி 2.40.

வளையம் தாங்கியில் நிற்கவில்லை. தொளதொளவென்று ஆடியது.

அளந்தேன். 36.5.

என் பிழை என்று நினைத்தேன். புத்தகத்தைத் திறந்தேன். 34.0 என்றுதான் இருந்தது, கீழே கோடும் போட்டிருந்தேன். நாடாவை விட்டு இரும்பு அளவுகோலால் விட்டத்தை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். அதுவும் 36.5.

3.10. மறுபடி அளந்தேன். 38.

இரும்பு வளருமா? இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். வளராது.

கையுறையைக் கழற்றித் தொட்டேன். சூடாக இருந்தது. காய்ச்சல்காரரின் கழுத்தைத் தொட்டதுபோல.

3.35. 40.

வெளியே இருட்டத் தொடங்கியது. அறையில் கரி புகைகிற மணம். யன்னல் பூட்டித்தான் இருந்தது...

டக். டக். டக்.

மேலே யாரோ சுத்தியலால் அடிக்கிறார்கள். மூன்று அடி. ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று.

பிலோமினம்மா ஓடிவந்தா. "மேல ஆசாரி வந்திருக்காராம்மா?"

"ஒருத்தரும் வரேல்லை."

திரும்பி மேசையைப் பார்த்தேன்.

வளையம் இல்லை.

3.58. படிக்கட்டில் ஒரு சத்தம். கிணிங்... கிணிங்... அந்தத் தகடு ஆடுகிற சத்தம். ஒவ்வொரு படிக்கும் ஒன்று. கூடவே வெறுங்கால் வைக்கிற சத்தம்.

யாரும் தெரியவில்லை.

மேலே வைத்தியநாதன் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்த குரல் பாதிச் சொல்லில் நின்றது.

டக்.

டக்.

டக்.

பிறகு ஒன்றுமில்லை...

நான் பயந்தவள்தான். ஆனாலும் ஏறினேன். பிலோமினம்மா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தா.

4.06. கதவு தானாகத் திறந்தது.

அவர் நின்றார். கழுத்தில் அது.

இறுக்கமாக.

ஆணி சிவப்பாக இருந்தது. தோல் கருகுகிற மணம். அவர் வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. அவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு கை. மெலிந்த கை. அந்த ஆணியை விரலால் தடவிப் பார்த்தது. சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

கண்ணை மூடித் திறந்தேன். கை இல்லை.

அவர் என் போனைச் சுட்டிக் காட்டினார். ஆம்புலன்ஸ் என்று உதடு அசைந்தது.

இப்போது சொல்லப்போவதை இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் போனை எடுக்கவில்லை.

"பாஸ்போர்ட் எங்க?" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார்.

"முதல்ல பாஸ்போர்ட். பிறகு போன்."

சுவரைப் பிடித்துக்கொண்டே பெட்டியிடம் போனார். நம்பரை மூன்று தரம் பிழையாக அடித்தார். நான் உதவவில்லை. நான்காம் தரம் திறந்தது. பாஸ்போர்ட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "எனக்கில்லை, அவவிட்டக் குடுங்கோ," என்றேன். கொடுத்தார். பிலோமினம்மா அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனா.

4.19க்கு ஆம்புலன்ஸுக்கு 999 அடித்தேன். பதின்மூன்று நிமிடம் ஒரு மனிதனை அந்த நிலையில் நிற்க வைத்தேன். அதற்காக எனக்குத் தூக்கம் கெட்டதில்லை.

தீயணைப்புக்காரர்கள் அதை வெட்டி எடுக்க ஐம்பது நிமிடம் ஆனது. எப்படிப் போட்டார் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். உண்மையும் அதுதான். வெட்டிய துண்டுகளை நிலத்தில் வைத்தபோது கை சும்மா இருக்கவில்லை, அளந்தேன். 42.

அவர் பிழைத்தார். குரல் மட்டும் வரவில்லை. பிலோமினம்மாவை நானே விமான நிலையம் கூட்டிப்போய் ஏற்றிவிட்டேன். பதினெட்டாம் தேதி, சொன்ன நாளிலேயே பேத்தி பிறந்தாள்.

ஜனவரி கடைசியில் அவர் மனைவி வத்சலா போன் செய்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அன்னிக்கு அது எவ்வளவு நேரம் அவர் கழுத்துல இருந்தது?"

"ஒண்டரை மணித்தியாலம் வராது. ஏன்?"

"டாக்டர் நம்ப மாட்டேங்கறார். கழுத்தைச் சுத்தித் தோல் காய்ச்சுப் போயிருக்கு. மாடு கழுத்துல நுகத்தடி பட்ட இடம் மாதிரி. எலும்பே தேஞ்சிருக்காம், எக்ஸ்ரேல தெரியறது. ஒரு நாள்ல இப்படி ஆகாதுங்கறார். இதைக் குறைஞ்சது ஒன்பது வருஷமாவது போட்டிருக்கணுமாம்."

போனை வைத்துவிட்டுத் தூத்துக்குடிக்கு, பிலோமினம்மாவுக்கு அடித்தேன். அங்கே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, ஒண்டு கேக்கிறன். அந்த வீட்டில எவ்வளவு காலம் இருந்தனீங்கள்?"

யோசிக்கவே இல்லை அவ.

"ஒம்பது வருசம், ரெண்டு மாசம். தெனமும் எண்ணிக்கிட்டுத்தானேம்மா கெடந்தேன்."