சிட்டம்மாளின் பச்சை வளையல்

நாலு வருஷமாகச் சிட்டம்மாளின் கையில் வளையல் இல்லை. புருஷன் வேதகிரி குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். நெற்றியில் குங்குமம் இருக்கிறது, கழுத்தில் மஞ்சள் கயிறு இருக்கிறது. கை மட்டும் மொட்டை. பாவி, அவள்தான் என்ன செய்வாள்? விரல் கணுக்கள் களாக்காய் களாக்காயாக வீங்கிக் கிடந்தன. எந்த வளையலும் அவற்றைத் தாண்டி ஏற மறுத்தது.

உத்திரமேரூர் ஏரித் தண்ணீர் பாய்கிற கழனிகளில் அவள் நாற்று நடாத கழனி கிடையாது. பாவாடை கட்டிய வயதில் சேற்றில் இறங்கிய கால் அது. ஐம்பது தாண்டியதும் வாயு வந்து மூட்டு மூட்டாகக் குடியேறிவிட்டது. விடிந்தால் விரல்கள் சுள்ளிபோல விறைத்திருக்கும். வெந்நீரில் கையை ஊறவைத்து, பல்லைக் கடித்து, புடவைக் கொசுவத்தைச் செருகி முடிப்பதற்குள் மற்ற பெண்கள் பாதிக் கழனியை நட்டு முடித்திருப்பார்கள். அலுத்துப்போய் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

முப்பத்தைந்து வயதுக்குமேல், கோயில் கோயிலாக வேண்டிப் பெற்ற ஒரே மகள் நவநீதம். புள்ளலூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்ற நல்ல சேதி வந்தது. கூடவே சம்பந்தி ஜெயம்மாளின் நாக்கும் வந்தது.

"வளைகாப்புக்கு மொத வளையல் பெத்தவதான் போடணும். ஆனா மொட்டக் கைக்காரி கையால என் மருமவளுக்கு வளையல் ஏறாது, சொல்லிட்டேன். தாலி அறுத்தவ மாதிரி வந்து நின்னா ஊர் இன்னா பேசும்?"

அன்று சிட்டம்மாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"மவளுக்கு ஒரு வளையல் போடக்கூட இந்தக் கை ஒதவாதாய்யா?" என்று அவள் கேட்ட கேள்வியில் வேதகிரி உருகிப்போனான். மறுநாளே வாலாஜாபாத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனான். அவர் சின்னச் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். பதினைந்து நாள் தின்றுவிட்டுத் திரும்பி வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மாத்திரையா அது, மந்திரமா! ஒரு வாரத்துக்குள் விரல் மடங்கியது. கணு வீக்கம் வடிந்தது. சிட்டம்மாள் விடியலில் எழுந்து தன் கையாலேயே முறத்தைப் பிடித்துப் புடைத்தாள். வேதகிரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தான்.

டாக்டரிடம் அவர்கள் திரும்பிப் போகவில்லை. "கொணமானவங்க எதுக்கு டாக்டர் வூட்டுக்குப் போறாங்க?" என்பது வேதகிரியின் நியாயம். காலிச் சீசாவைக் காட்டிக் காட்டி, மருந்துக் கடையில் அதே மாத்திரையை மாதாமாதம் வாங்கி வந்தான்.

மாத்திரை தின்னத் தின்ன அவள் முகம் உருண்டு திரண்டது. கூழ் குடிக்கிற வீட்டில் கன்னத்தில் சதை வைத்தால் ஊர் சும்மா இருக்குமா?

"இன்னா சிட்டம்மா, தெனம் கறிச்சோறா? பண்ணையார் வூட்டம்மா கணக்கா கீறியே!"

"போங்கடி, கண்ணு வெக்காதீங்க!"

சிரித்துக்கொண்டேதான் நடவு நட்டாள். சாயங்காலம் வேதகிரி மூன்று தெரு மண் எடுத்து மிளகாய் சேர்த்துச் சுற்றிப் போட்டான். முழங்கையில் பட்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்ததையும், முதுகுத்தண்டு விண்ணென்று தெறித்ததையும் யார் கவனித்தார்கள்? உள்ளே நடந்த கேட்டைச் செழிப்பென்று நம்பி, அதற்குத் திருஷ்டியும் கழித்தார்கள் அந்த அப்பாவிகள்.

வளைகாப்பு நாள் வந்தது. புள்ளலூரில் ஜெயம்மாள் வீட்டுக் கூடத்தில் வளையல்கார அஹமது பாட்சா வளையல் கோத்த மலாரை அவிழ்த்துப் பரப்பினார்.

"மொதல்ல எங்க சம்பந்தி கைக்குப் போடுங்க பாய். ஏறுதான்னு பாப்போம்" என்றாள் ஜெயம்மாள், சுற்றியிருந்த பெண்களைப் பார்த்தபடி.

பாட்சா பாய் கையைத் தொட்டதும் தயங்கினார். "அம்மா, கணு இன்னும் கொஞ்சம் பெருசாத்தான் கீது. பெரிய அளவு போடட்டுமா?"

"வேணாம் பாய். லொடலொடன்னு தொங்கினா கயண்டு வுழுந்துடும். கைக்குப் பொருந்தினாப்பல பச்சையில போடுங்க" என்றாள் சிட்டம்மாள்.

சவுக்காரம் தடவி, விரல்களை ஒடுக்கிப் பிடித்து, இடக்கையில் ஏற்றினார். ஏறியது! சிட்டம்மாள் நிமிர்ந்து சம்பந்தியைப் பார்த்தாள். வலக்கையிலும் ஒவ்வொன்றாக ஏறின. கடைசி வளையல் கணுவில் முரண்டு பிடித்தது. பாய் கையை அழுத்தி லேசாகத் திருப்பினார்.

சடக்!

சுற்றியிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வளைகாப்பு வீட்டில் வளையல் உடைந்தால் அதைவிடக் கெட்ட சகுனம் உண்டா?

"ஒடஞ்சிடுச்சா?" ஜெயம்மாள் பாய்ந்து வந்து குனிந்தாள்.

பச்சை வளையல்கள் அத்தனையும் முழுசாக மின்னின. கீழே ஒரு துண்டுக் கண்ணாடி இல்லை. பாட்சா பாய்க்கு மட்டும் தன் விரலடியில் எது உடைந்ததென்று தெரிந்துவிட்டது. அவர் முகம் வெளுத்தது.

"யா அல்லா... அம்மா..."

சிட்டம்மாளின் கண்கள் அவரைக் கெஞ்சின. "ஒண்ணும் ஒடையல பாய். எம்மவ வளையல எடுங்க."

வலக்கையால்தான் போடவேண்டும். போட்டாள். மணிக்கட்டுக்குள் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு வளையலுக்கும் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"பெத்த மனசு பாரு, சந்தோஷத்துல அயுவுது!" என்றாள் ஒருத்தி.

"இன்னாம்மா, கை இப்டி நடுங்குது?" என்று நவநீதம் கிசுகிசுத்தாள்.

"பசி கண்ணு. வேற ஒண்ணுமில்ல."

மறுநாள் காலையில் வலக்கை பூசணிப் பிஞ்சாக வீங்கிவிட்டது. வளையல்கள் சதைக்குள் புதைந்திருந்தன. வேதகிரி அவளைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கிருந்த டாக்டரம்மா கையைப் பார்த்தாள், உருண்ட முகத்தைப் பார்த்தாள், மாத்திரைச் சீசாவை வாங்கிப் பார்த்தாள்.

"மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருக்கு. மூஞ்சியில இருக்கிறது சதை இல்லய்யா, மாத்திரையால வந்த வீக்கம். வயசான பொம்பளைக்கு எலும்பு தானாவே மெலிஞ்சிருக்கும். இந்த வாதம் மூட்டோட எலும்பையும் அரிக்கும். அதுக்கு மேல இத்தனை மாசமா இந்த மாத்திரை வேற! வளையல்காரர் மேல தப்பில்ல. இனிமே வழுக்கி விழுந்தா இடுப்பே முறியும், ஜாக்கிரதை. மாத்திரையை இன்னைக்கே நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா நான் குறைக்கிறேன்."

"நான்தாம்மா வாங்கி வாங்கிக் குடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான் வேதகிரி.

"அப்புறம் அழலாம். மொதல்ல வளையலை உடைக்கணும். இல்லேன்னா ரத்தம் ஓடாம கையே போயிடும்."

நர்ஸம்மா இடுக்கியோடு வந்தாள். சிட்டம்மாள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். கட்டியவன் எதிரே நிற்கும்போது இன்னொருத்தி வந்து வளையல் உடைப்பதா?

"அவங்க தொட வேணாம். நீயே ஒடைய்யா" என்றாள். குரலில் அழுகைகூட இல்லை. அத்தனை களைப்பு.

வேதகிரி துண்டை மடித்து அவள் கைக்கு அடியில் வைத்தான். ஒன்று, இன்னொன்று என்று பச்சைக் கண்ணாடி துண்டில் உதிர்ந்தது. அவன் விம்மினான்.

"நவநீதத்துக்கு ஏறிச்சில்ல? போதும். நீ அயுவாத."

மாவுக்கட்டோடு வீடு திரும்பினாள். அந்தப் போகத்துக்கு நடவு இல்லை. அதற்கடுத்த போகத்துக்கும் இல்லை. மாத்திரை குறையக் குறைய முகம் வற்றியது, கணுக்கள் பழையபடி வீங்கின. முறிந்த கை சற்றே கோணலாகக் கூடியது. நவநீதம் பெற்ற பெண் குழந்தையைத் தூக்கப் பயந்து, காலை நீட்டி மடியில் மட்டும் வாங்கிக்கொண்டாள்.

வலக்கை மொட்டைதான். இனி அதில் ஒன்றும் ஏறாது. இடக்கையிலோ பச்சை வளையல்கள் அப்படியே இருந்தன. வீங்கிய கணுக்களைத் தாண்டி அவை கீழே இறங்க வழியில்லை. குழந்தை அந்தக் கையைத்தான் பிடித்து இழுக்கும்.

"மெதுவா கண்ணு, மெதுவா" என்பாள் சிட்டம்மாள்.